தோளுக்குப் பொருந்துகிற துவக்கு

கேள்வி: "அண்ணை, எனக்கு வயது 34. ரொறன்ரோவுக்குக் கிட்ட ஏஜாக்ஸில் இருக்கிறேன், களஞ்சியசாலையில் வேலை. வசந்தத்தில் பி.ஏ.எல். என்கிற துவக்கு அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிட்டது, வேட்டைக் கல்வி வகுப்பும் முடித்துவிட்டேன். வேலையிடத்து நண்பர்கள் நவம்பரில் பாங்க்ரொஃப்ட் பக்கம் மான் வேட்டைக்கு வரச் சொல்கிறார்கள். எல்லாம் சேர்த்து 1,500 டொலருக்குள் முதல் போல்ட் ரைபிள் ஒன்று வாங்க வேண்டும். ஒருவர், '.300 வின்செஸ்டர் மக்னம் வாங்கு, பிறகு மூஸ் என்கிற பெரிய மானுக்கும் உதவும்' என்கிறார். இன்னொருவர் தன் தகப்பனுடைய பழைய .303 ஐ 300 டொலருக்குத் தருகிறேன் என்கிறார். நான் 5 அடி 5 அங்குலம். வன்னியில் அப்பப்பா இடியன் துவக்கு வைத்திருந்தவர். அதைத் தொட்டுப் பார்த்த ஞாபகம் மட்டும்தான் எனக்கு. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அம்மா துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பி அறைக்குள் போய்விடுகிறார். எதை வாங்கட்டும்?"

பதில்:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. ரூகர் அமெரிக்கன். தோட்டா 6.5 கிரீட்மோர் அல்லது .308 வின்செஸ்டர். மேலே 3-9 பெருக்கமும் 40 மில்லிமீற்றர் முன்கண்ணாடியும் உள்ள சாதாரண ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. ரைபிளுக்கு உங்கள் பணத்தில் பாதிக்குச் சற்று மேல் போகட்டும். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள்; அதில் ஸ்கோப், தோட்டா, பூட்டு, பயிற்சி எல்லாம் வரவேண்டும்.

முதல் துவக்கு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 1,300 டொலருக்கு ரைபிள், மிச்சக் காசுக்கு ஏதோ ஒரு ஸ்கோப், இரண்டு பெட்டி தோட்டா. ஒக்ரோபர் கடைசியில் ஒரு பெட்டியைச் சுட்டுவிட்டு மற்றதோடு காட்டுக்குப் போகிறார்கள். திருத்துகிற மேசையில் நான் பார்க்கும் பிரச்சினைகளில் பாதி துவக்கின் பிரச்சினையே அல்ல. ஸ்கோப் வளையத்தின் ஆணி தளர்ந்திருக்கும், அல்லது சுடுகிறவருக்கும் துவக்குக்கும் இன்னும் பழக்கம் பிடித்திருக்காது.

மலிவான ரைபிள் என்றால் குறி தவறும் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, இப்போது இல்லை. சவேஜ் நிறுவனம் 1958 இல் 110 என்ற ரைபிளைக் கொண்டுவந்தபோது குழலை உடலோடு ஒரு பெரிய நட்டு வைத்து இறுக்கியது. தோட்டா உட்காரும் இடைவெளியைக் கருவி வைத்துப் பார்த்து, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. அதுவரைக்கும் தேர்ந்த கைவேலைக்காரர் ஒருவர் அளவு பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. இன்றைய மலிவு ரைபிள்கள் பலவும், ரூகர் அமெரிக்கன் உட்பட, அதே நட்டு முறையில்தான் வருகின்றன. குழல் நல்ல குழல். தோளில் வைத்துப் பிடிக்கும் பிடங்கு பிளாஸ்டிக், மகசீன் பிளாஸ்டிக், மேற்பூச்சு மங்கல். காசு மிச்சம் பிடித்த இடங்கள் இவை. மானுக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை.

இந்த விலையில் மூன்றை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள், போதும்.

சவேஜ் அக்சிஸ் எல்லாவற்றிலும் மலிவு. பெயரில் இரண்டு என்ற எண் சேர்ந்து வருகிற அக்சிஸையே கேளுங்கள். அதில், விரலால் இழுத்துச் சுடும் விசையின் இழுவையை நாமே குறைத்துக்கொள்ளலாம். பழைய சாதாரண அக்சிஸின் விசை பாரம், புதியவருக்கு அது கையை இழுத்துவிடும். அக்சிஸின் குறை பிடங்கின் முன்பாகம். உள்ளே வெறும் கூடு, அழுத்தினால் வளையும். கடையில் ஒரு சோதனை செய்யலாம். ஐந்து டொலர் தாளொன்றை குழலுக்கும் பிடங்குக்கும் இடையே நுழைத்து முன்னும் பின்னும் இழுங்கள். நம்முடைய பிளாஸ்டிக் தாள் இதற்கு அருமை, வழுக்கிக்கொண்டு போகும். பிறகு முன்பிடங்கை விரல்களால் குழல் பக்கமாக அழுத்திக்கொண்டு மறுபடி இழுங்கள். தாள் சிக்கினால் பிடங்கு குழலைத் தொடுகிறது. மரக்கிளையில் சாய்த்து வைத்தாலோ தோள்வாரை இறுக்கிப் பிடித்தாலோ காட்டிலும் அப்படித்தான் தொடும், குழலை விட்டுப் பறக்கும் சன்னம் வேறிடத்துக்குப் போகும். மேசையில் மண்பை மேல் வைத்து அழகாகச் சுட்ட ரைபிள் காட்டில் ஏன் தவறியது என்று குழம்புகிறவர்கள் பலருக்கு விடை இதுதான்.

ரூகர் அமெரிக்கனின் முன்பிடங்கும் பிளாஸ்டிக்தான், ஆனால் உள்ளே உருக்கினால் ஆன இரண்டு தாங்கிகள் பதித்திருக்கிறார்கள். ரைபிளின் உடல் அவற்றில் உட்கார்கிறது, அசையாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் தலையில் மூன்று பற்கள், அதனால் கைப்பிடியை 70 பாகை தூக்கினால் போதும். நவம்பரில் தடித்த கையுறை போட்டுக்கொண்டு போல்ட்டை அடிக்கும்போது விரல்மூட்டு ஸ்கோப்பில் இடிக்காமல் இருப்பது பெரிய விஷயம். சேஃப்டி பிடங்கின் கழுத்தில் பெருவிரலுக்கு அடியில் இருக்கிறது. இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் ஒன்றுபோல எட்டும்.

மூன்றாவது பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ். மனதைத் திறந்து சொன்னால் மூன்றிலும் சிறந்தது இதுதான். போல்ட் வெண்ணெயில் போவது போலப் போகும், விசையில் குறை சொல்ல இடமில்லை. வடக்கே காவல் செய்யும் கனடிய ரேஞ்சர்கள் பல பத்தாண்டு வைத்திருந்த பழைய லீ என்ஃபீல்டுக்குப் பதிலாக இந்த டிக்காவின் ஒரு வடிவத்தைத்தான் இராணுவம் கொடுத்தது, அதுவும் .308 இல், கிச்சனரில் செய்து. ஆனால் புதிய டிக்காவுக்கு 13 சதவீத வரியும் சேர்ந்தால் உங்கள் 1,500 இல் ஸ்கோப்புக்கு மிச்சம் இராது. யாராவது கவனமாக வைத்திருந்த பாவித்த டிக்கா நல்ல விலைக்கு வந்தால் யோசிக்காமல் எடுங்கள். இல்லையென்றால் அதற்காக ஏங்க வேண்டாம்.

இனி உங்கள் உயரம். கடைக்காரர் அதைக் கேட்கமாட்டார், நான் கேட்கிறேன். பிடங்கின் அடியிலிருந்து விசை வரைக்குமான நீளம் சாதாரண ரைபிளில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல். உங்களை விட உயரமானவரை மனதில் வைத்துப் போட்ட அளவு. நம்மில் பலருக்கு, அதுவும் குளிர்ச் சட்டை இரண்டு போட்டபின், அது நீளம். நீளமான பிடங்கைத் தோளுக்குக் கொண்டுவரும்போது கக்கத்தில் கொழுவும், கழுத்தை முன்னுக்கு நீட்டித்தான் ஸ்கோப்பில் கண் வைக்க முடியும். ரூகர் அமெரிக்கனில் பன்னிரண்டரை அங்குலப் பிடங்கோடு குட்டை வடிவம் ஒன்று வருகிறது. சில கடைகளில் அதைச் சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் என்று தனியே வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். கடைக்குப் போகும்போது காட்டில் போடப்போகும் சட்டையையே போட்டுக்கொண்டு போங்கள், ஆவணி மாதமாக இருந்தாலும் சரி.

கடையில் ரைபிளைக் கேட்டு வாங்கியதும், வகுப்பில் சொல்லித்தந்ததுபோல, குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, போல்ட்டைத் திறந்து, உள்ளறையைக் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் தந்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். பிறகு அவரிடம் கேட்டுக்கொண்டு, சுவரின் மேல்மூலையில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பிடங்கில் வையுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். ஸ்கோப் பூட்டிய ரைபிள் என்றால் கண்ணாடி முழுவதும் வட்டமாக, கறுப்பு நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். தலையைத் தூக்கவோ தாழ்த்தவோ வேண்டியிருந்தால் அந்த ரைபிள் உங்களுக்கு இன்னும் பொருந்தவில்லை. ஐந்து தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து உட்காருகிற ரைபிளை, எந்தப் பெயராக இருந்தாலும், எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நான் சொன்ன பெயர்களை விட இது முக்கியம்.

சரி, உங்கள் நண்பருடைய .300 மக்னம். வேண்டாம், தம்பி. அது நல்ல தோட்டா, மேற்கே மலைகளில் நீண்ட தூரத்துக்குச் சுடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாங்க்ரொஃப்ட் காட்டில் மேப்பிளும் ஹெம்லொக்கும் அடர்ந்த இடத்தில் நீங்கள் மானைப் பார்ப்பது பெரும்பாலும் 100 யாருக்குள் (ஒரு யார் மூன்று அடி), பல தடவை அதில் பாதித் தூரத்தில். அங்கே மக்னம் உங்களுக்குத் தருவது, சுடும்போது துவக்கு தோளில் இடிக்கும் உதை ஒன்றைத்தான். ஒரே எடையுள்ள ரைபிளில் .300 மக்னத்தின் உதை 6.5 கிரீட்மோரின் உதையை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

உதை வலிப்பது பெரிய பிரச்சினை அல்ல, வலி அரை நிமிடத்தில் போய்விடும். உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. சுடும் தளத்தில் நான் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. மாணவருக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை வைத்துவிடுவேன். அவர் குறிபார்த்து விசையை இழுப்பார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வரும். ஆனால் குழலின் நுனி நான்கு விரல் கீழே குத்தும், கண் இறுக மூடியிருக்கும், தோள் முன்னுக்கு வந்திருக்கும். வராத உதைக்கு உடம்பு வெருண்டு தயாரானது அது. உண்மையான வெடி வெடிக்கும்போதும் அதே வெருட்சி நடக்கிறது, சத்தத்துக்குள் மறைந்துபோவதால் அவருக்கே தெரிவதில்லை. அந்த நான்கு விரலில் ஒரு சின்னப் பங்கே போதும், 80 யாரில் சன்னம் மானின் நெஞ்சை விட்டு வயிற்றுக்குப் போய்விடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். முதன்முதல் காட்டுக்குப் போனபோது ஒருவர் அன்போடு தந்த மக்னம் ரைபிளோடு போனேன். அதற்கு முன் ஆறு தோட்டாதான் சுட்டிருந்தேன், ஆறாவதில் ஸ்கோப் விளிம்பு புருவத்தை வெட்டியிருந்தது. 60 யாரில் ஒரு பெட்டை மான் பக்கவாட்டில் நின்றது. கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன் என்று இன்று தெரியும், அன்று தெரியாது. சன்னம் வயிற்றில் பட்டது. இருட்டும் வரைக்கும் இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தோம், பிறகு சுவடு விட்டுப்போயிற்று. மறுநாள் காலை கண்டெடுத்தபோது நரிகளும் கொயோட்டிகளும் வந்துபோயிருந்தன. அந்த மான் எத்தனை மணி நேரம் கிடந்து செத்தது என்ற கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறு தோட்டாவோடு காட்டுக்குப் போனவன் நான், பிழை என்னுடையது. யார் வந்து கேட்டாலும் சின்ன உதையுள்ள தோட்டாவையே சொல்வதற்கு அதுதான் காரணம்.

மூஸைப் பற்றிய கவலையும் வேண்டாம். சுவீடனிலும் நோர்வேயிலும் நூறு வருடத்துக்கு மேலாக 6.5 மில்லிமீற்றர் தோட்டாவால் மூஸ் சுடுகிறார்கள். 2007 இல் வந்த கிரீட்மோர் அந்தப் பழைய தோட்டாவுக்குக் கிட்டத்தட்டச் சமமான வேலை செய்யும். .308 அதை விடக் கொஞ்சம் கனமான சன்னம் எறியும், உதையும் கொஞ்சம் கூட. இரண்டில் எது என்றால், உங்களோடு காட்டுக்கு வருகிறவர்கள் .308 வைத்திருந்தால் நீங்களும் அதையே வாங்குங்கள். தோட்டாப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்கு அந்த அருமை தெரியும். சின்ன ஊர் வன்பொருள் கடையிலும் .308 கிடைக்கும். நண்பர்கள் கணக்கு இல்லையென்றால் என் விருப்பம் 6.5.

6.5 பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. தென் ஒன்ராறியோவின் பல மாவட்டங்களில் குழல் அளவு .275 அங்குலத்தை விடப் பெரிய ரைபிளை வேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது. 6.5 என்பது .264, அதற்குள் அடங்கும்; .308 அடங்காது. பாங்க்ரொஃப்டில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பிறகு ஒருநாள் வீட்டுக்குக் கிட்டிய பண்ணையொன்றில் கொயோட்டி சுட யாராவது கூப்பிட்டால் உங்கள் ரைபிள் உதவும். தெற்கே சில பிரிவுகளில் மானுக்கு ரைபிளே கூடாது, சொட்கன் மட்டும்தான். அதனால் ஒவ்வொரு வருடமும் மாகாணம் வெளியிடும் வேட்டை ஒழுங்குவிதிச் சுருக்கத்தில் நீங்கள் போகும் பிரிவின் எண்ணைத் தேடிப் படியுங்கள். நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள். சட்டத்துக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்.

.303 கதைக்கு வருவோம். உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் அந்தப் பழைய இராணுவ லீ என்ஃபீல்டாகத்தான் இருக்கும். அதைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் இளகும். இடது பக்கம் உடலில் 'லோங் பிராஞ்ச்' என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரில் ரொறன்ரோவுக்கு மேற்கே ஏரிக்கரைத் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலையின் ஒரு கட்டடம் இன்னும் மிசிசாகாவில் லேக்‌ஷோர் வீதியில் நிற்கிறது. போர் முடிந்தபின் மிச்சமான ரைபிள்களின் மரத்தை வெட்டிக் குறைத்து வேட்டைக்காக விற்றார்கள். இந்த நாட்டில் ஒரு தலைமுறையே அதைக் கொண்டு மான் சுட்டுக் குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவந்தது.

ஆனால் 300 டொலர் அதன் முழு விலை அல்ல. பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்து துருவேற்றும் வகை. சுட்டபின் ஒழுங்காகக் கழுவாமல் விட்டிருந்தால் குழல் உள்ளே அரித்திருக்கும். வெளிச்சத்துக்குப் பிடித்து குழலுக்குள் பாருங்கள். குழலுக்குள் சுற்றிப்போகும் வரிகளின் விளிம்பு கூராக, மினுங்கலாக இருக்க வேண்டும், கருமையான குழிகள் தெரியக் கூடாது. அடுத்தது தோட்டா உட்காரும் இடைவெளி. இந்த ரைபிளின் போல்ட் தலை தனியாகக் கழரும், 0 முதல் 3 வரை எண் போட்ட அளவுகளில் வரும். யாரோ எப்போதோ போல்ட்டை மாற்றியிருந்தால் அளவு பிழைத்திருக்கலாம், தோட்டாவின் கோது வெடித்து முகத்துக்கு வாயு வரலாம். இதைத் துவக்குத் திருத்துகிற ஒருவர் அளவுக்கருவி வைத்துப் பார்க்காமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். ஸ்கோப் பூட்டுவதும் இலேசில்லை. அந்த உடல் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, பூட்டினாலும் பிடங்கு தாழ்வாக இருப்பதால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். இரும்புக் குறியோடு 80 யாருக்குள் சுடுவதென்றால் இனிய ரைபிள். இரண்டாவது துவக்காக வாங்குங்கள். முதலாவதாக வேண்டாம்.

யாரிடம் வாங்கினாலும், நண்பரிடமாக இருந்தாலும், 2022 மே மாதத்திலிருந்து விற்கிறவர் உங்கள் பி.ஏ.எல். ஐச் சரிபார்த்து ஒரு தொடர்பு எண் எடுத்த பிறகுதான் துவக்கைக் கையில் தரலாம். வாகனத் தரிப்பிடத்தில் காசைக் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

ஸ்கோப்புக்கு 250 முதல் 300 டொலர் வரை ஒதுக்குங்கள். வோர்ட்டெக்ஸ், லியூபோல்ட் போன்றவர்களின் கீழ்ப்படிக் கண்ணாடிகளே போதும். 24 தடவை பெருக்கும் கண்ணாடி வேண்டாம். அடர்ந்த காட்டில் 30 யாரில் மான் வந்தால், ஸ்கோப் 3 இல் இருந்தால்தான் அதைக் கண்டுபிடிப்பீர்கள். கூடிய பெருக்கத்தில் வெறும் மயிர்தான் தெரியும். ரைபிளோடு சேர்த்து விற்கும் ஸ்கோப்புகள் மலிவு, ஆனால் பலதுக்கு அந்திக் கருக்கலில் வெளிச்சம் பிடிக்காது. கடையிலிருந்து கண்ணாடி வழியாக வெளியே நிழலான ஒரு மூலையைப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். வளையத்து ஆணிகளை கைப்பலத்தில் நெரித்துவிடாமல், அளவோடு முறுக்கும் சாவியால், உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

தோட்டாவில் ஒரே நிறுவனத்தின் ஒரே பெட்டியைத் தேர்ந்து, அதையே ஐந்து பெட்டி வாங்குங்கள். .308 என்றால் 150 கிரெயின், 6.5 என்றால் 140 கிரெயின் (சன்னத்தின் எடையைச் சொல்லும் அளவு) அளவில், பட்டதும் விரிகிற வேட்டைச் சன்னம். முழு உறை போட்ட, விரியாத சன்னம் மலிவு, ஆனால் ஊசி குத்தியதுபோல ஊடுருவிப் போய்விடும். விலங்கு ஓடிப்போய் நெடுநேரம் வதைபட்டுச் சாகும். நூறு தோட்டாவும் காட்டுக்கு அல்ல. தொண்ணூறு தளத்துக்கு, பத்து காட்டுக்கு.

தளத்தில் முதலில் 25 யாரில் தொடங்குங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, மண்பையில் அசையாமல் வைத்த ரைபிளின் பின்னாலிருந்து குழலுக்குள்ளாக இலக்கைப் பாருங்கள். கறுப்பு வட்டம் குழலின் நடுவில் வந்ததும், ரைபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் சிலுவையைத் திருகி அதே வட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்படிச் செய்தால் முதல் சன்னமே கடதாசியில் விழும். ஸ்கோப்பின் ஒரு 'கிளிக்' 100 யாரில் கால் அங்குலம்; 25 யாரில் அதன் கால்பங்கு. எனவே 25 யாரில் ஓர் அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். பலர் நான்கைத் திருகிவிட்டு ஸ்கோப் பழுது என்று என்னிடம் கொண்டுவருவார்கள். பிறகு 100 யாருக்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டு, நேரே நடுவில் விழும்படி வையுங்கள். 200 யாரில் மூன்று நான்கு அங்குலம் தாழும், அவ்வளவுதான். அவ்வளவு தூரத்தில் இந்த வருடம் நீங்கள் சுடப் போவதில்லை.

மேசையில் அதற்கு மேல் நேரம் போக்க வேண்டாம். மிச்சத் தோட்டாக்களை இருந்துகொண்டும், முழங்காலில் நின்றும், கம்பத்தில் சாய்ந்தும் சுடுங்கள். எட்டங்குலக் கடதாசித் தட்டு ஒன்றை ஒட்டி வையுங்கள், மானின் நெஞ்சறை அந்த அளவு. ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தூரம்தான் இந்த வருடம் உங்கள் வேட்டைத் தூரம். 70 யார் என்றால் 70 யார். 90 இல் மான் நின்றால் பார்த்துக்கொண்டிருங்கள். வீட்டில், தோட்டா ஒன்றும் இல்லாத அறையில், போலித் தோட்டா போட்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை விசை இழுத்துப் பழகினால் காசில்லாமலே பாதிப் பயிற்சி வந்துவிடும்.

இனி வீடு. பி.ஏ.எல். விண்ணப்பத்தில் மனைவி கையொப்பம் வைத்திருப்பார், அல்லது அவருக்கு அறிவித்திருப்பார்கள். அதனால் அவருக்கு விஷயம் தெரியும். சட்டம் கேட்பது, துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும், அதோடு விசைப்பூட்டு போடவோ, போல்ட்டைக் கழற்றவோ, பூட்டிய பெட்டியில் வைக்கவோ வேண்டும் என்பது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் ஒன்று போதாது என்பது என் எண்ணம். இரும்புப் பெட்டிக்குள், விசைப்பூட்டோடு, போல்ட் வேறிடத்தில், தோட்டா இன்னொரு பூட்டிய பெட்டியில். சாவி உங்கள் உடம்போடு. பிள்ளைகளுக்குச் சாவி இருக்கும் இடம் தெரியாது என்று நினைக்காதீர்கள், தெரியும் என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலம் வந்தால், யாரிடமும் விளக்கம் சொல்லாமல் துவக்கை பி.ஏ.எல். உள்ள நண்பர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீடுகளில் துவக்கு என்ற சொல்லுக்கு இருக்கிற பாரம் இங்கே பிறந்த நண்பர்களுக்குப் புரியாது, அவர்களுக்குப் புரிய வேண்டிய தேவையும் இல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் கொண்டுவந்து நிலவறையில் வைக்காதீர்கள். ஒருநாள் அவர் உடுப்புத் தோய்க்க இறங்கிப் போய்ப் பெட்டியைக் கண்டால், அந்த நாளை உங்களால் திருப்பி எடுக்க முடியாது. முதலில் சொல்லுங்கள், உங்கள் அப்பப்பாவின் இடியனைப் பற்றிக் கேளுங்கள், அப்பப்பா பன்றி சுட்டுப் பங்கு போட்ட கதை அம்மாவிடம் இருக்கும். அப்படிச் சொல்லியும் அவருக்கு ஏலாது என்றால், ரைபிளை உங்களோடு காட்டுக்கு வரும் நண்பரின் பெட்டியில் வைக்கலாம், அவரிடம் பி.ஏ.எல். இருந்தால் சட்டத்தில் தடையில்லை. பல வருடம் அப்படி வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

குளிரைப் பற்றி ஒன்று. வாங்கிய ரைபிளில் தொழிற்சாலை எண்ணெய் தடித்துக் கிடக்கும். போல்ட்டைக் கழற்றித் துணியால் நன்றாகத் துடைத்து, மெல்லிய படலம் மட்டும் விடுங்கள். உறைபனியில் தடித்த எண்ணெய் இறுகி, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியின் அடி மெதுவாகிவிடும். இரவில் வெதுவெதுப்பான குடிலுக்குள் கொண்டுவரும்போது உறையைத் திறக்காமல் ஓர் இரண்டு மணித்தியாலம் விடுங்கள், இல்லையென்றால் குழலும் கண்ணாடியும் வியர்த்து நனையும்.

செம்மஞ்சள் மேற்சட்டையும் தொப்பியும் மறக்க வேண்டாம், மேலுடம்பில் குறைந்தது 400 சதுர அங்குலம் என்பது விதி. தோட்டா ஏற்றுவது சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின் வரைக்கும் மட்டும், வாகனத்துக்குள் ஒருபோதும் இல்லை.

ரைபிளை ஆகஸ்ட் முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். ஒக்ரோபர் நடுப்பகுதியில் சுடும் தளங்களில் மேசை பிடிக்க வரிசை நிற்கும், கடைகளில் நீங்கள் தேர்ந்தெடுத்த தோட்டாப் பெட்டி முடிந்திருக்கும். செப்ரெம்பர் சனிக்கிழமைக் காலைகளில் தளம் வெறுமையாக இருக்கும். போகும்போது காதுக்கு இரண்டு அடுக்கு, உள்ளே காதடைப்பானும் வெளியே மூடியும். சத்தம் குறைந்தால் வெருட்சியும் பாதியாகக் குறையும்.